குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாமா? சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்தத் தொல்லைக்கெல்லாம் வீடியோவில் பார்த்தாலே போதும்?

வீடியோவில் டாக்டரால் பார்க்க முடியும், கேட்க முடியும், தொட முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்ப்பது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பது, காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது எதுவும் நடக்காது. பார்த்தும் விசாரித்தும் முடிவெடுக்கக்கூடிய தொல்லைகளுக்கு இது நன்றாகவே ஒத்துவரும்: மூக்கு ஒழுகினாலும் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை, 3 மாதம் நிரம்பிய குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அன்று வரும் காய்ச்சல், டயப்பர் புண், வியர்க்குரு, மெட்ராஸ் ஐ, கை-கால்-வாய் நோய், மலச்சிக்கல், இணை உணவு தொடங்கும்போது வரும் சந்தேகங்கள். ஏற்கெனவே நேரில் பார்த்த டாக்டரிடம் இரண்டு நாள் கழித்து மறுபடி காட்டுவதற்கும் இது போதும்.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஸ்பேசரில் (இன்ஹேலரையும் மாஸ்க்கையும் இணைக்கும் குழாய்) இன்ஹேலர் கொடுக்கும் முறையைச் சரிபார்க்க வீடியோ மிக நல்ல வழி. வீட்டில் எப்படிக் கொடுக்கிறீர்களோ அப்படியே டாக்டர் பார்ப்பார். தப்பு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: குலுக்காமல் அழுத்துவது, மாஸ்க் முகத்தில் ஒட்டாமல் ஓரத்தில் இடைவெளி விடுவது, இரண்டு பஃப்பைச் சேர்த்து அடிப்பது. ஒரு பஃப், பிறகு ஐந்தாறு மூச்சு, அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த பஃப் என்பதுதான் முறை.

காதுவலி இரண்டுங்கெட்டான். அன்றைய இரவுக்கு வலி மருந்து சொல்லலாம். செவிப்பறை சிவந்திருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும்.

ஆன்லைனில் நேரத்தைக் கடத்தாமல் நேரே கிளம்ப வேண்டியது எப்போது?

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் போதும்.

- 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி.
- மூச்சு வாங்குவது, மூச்சுவிடும்போது முனகுவது, உதடு நீலம் பாய்வது.
- வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், தலையில் அடிபட்டபின் வாந்தி அல்லது தூக்கக் கலக்கம்.
- பால், தண்ணீர் எதையும் குடிக்க முடியாமை, குடித்த எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வாந்தி பச்சையாகவோ ரத்தத்தோடோ வருவது.
- 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை.
- கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள்.
- பையனுக்குத் திடீரென்று விதையில் கடுமையான வலி. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்வதே நல்லது. கூச்சத்தால் பையன்கள் 'வயிறு வலிக்கிறது' என்றுதான் சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள்.
- கற்பூரம், மண்ணெண்ணெய், பட்டன் பேட்டரி, பெரியவர்களின் மாத்திரை எதையாவது விழுங்கியது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.
- நாய்க்கடி, பூனைக் கீறல். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு 108. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் கூடாது. கையில் சாவிக்கொத்து கொடுப்பதாலும் பயனில்லை. 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

டாக்டர் ஏன் முதலில் எடையைக் கேட்கிறார்? வயதைச் சொன்னால் போதாதா?

குழந்தைக்கான மருந்து அளவு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்தான் வருகிறது. இரண்டு வயதில் 9 கிலோ குழந்தையும் இருக்கிறது, 14 கிலோ குழந்தையும் இருக்கிறது. கிளினிக்கில் நர்ஸ் எடை பார்த்துச் சீட்டில் எழுதிவிடுவார். வீடியோவில் அது உங்கள் வேலை.

வீட்டில் பெரியவர்கள் நிற்கும் எடை மெஷின் இருந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை நின்று கழித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு இந்த முறை வேண்டாம். அந்த மெஷினில் அரைக் கிலோ தப்பினாலே 5 கிலோ குழந்தைக்குப் பெரிய வித்தியாசம். பக்கத்து அங்கன்வாடியிலோ மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்து, தேதியோடு தடுப்பூசி அட்டையில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய எடையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பாராசிட்டமால் எத்தனை மி.லி. கொடுப்பது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே!

குழப்பம் முழுக்க பாட்டிலில் இருக்கிறது. ஒரே மருந்து நம் மருந்துக் கடைகளில் மூன்று அடர்த்தியில் கிடைக்கிறது: 5 மி.லி.யில் 125 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். அது 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி., சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி.

இப்போது தப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். போன தடவை சிரப்பில் '6 மி.லி.' என்று சொன்னது மனதில் இருக்கும். இந்தத் தடவை கடையில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். அதில் 6 மி.லி. கொடுத்தால் 600 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. திரும்பத் திரும்பக் கொடுத்தால் கல்லீரலைக் கெடுக்கும் அளவு. எதிர்ப்பக்கமும் உண்டு: சொட்டு மருந்துக்குச் சொன்ன 1.5 மி.லி.யை 125 சிரப்பில் கொடுத்துவிட்டு, 'மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவே இல்லை' என்று நடுராத்திரியில் பதறுவது.

ஆகவே 'டோலோ கொடுத்தேன்', 'கால்பால் கொடுத்தேன்' என்று பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பாட்டிலைக் கேமரா முன் பிடித்து, லேபிளில் '5 மி.லி.யில்' அல்லது '1 மி.லி.யில்' என்று ஆரம்பிக்கும் வரியைக் காட்டுங்கள். அளக்க, மருந்தோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வேண்டும். சமையலறை ஸ்பூன் வீட்டுக்கு வீடு மாறும். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் இருக்கட்டும்; டாக்டர் சொன்னால் 4 மணி நேரம்வரை குறைக்கலாம். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறும். 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

மூச்சை எண்ணிச் சொல்லுங்கள் என்கிறார். எப்படி எண்ணுவது?

நிமோனியாவைக் கண்டுபிடிக்க வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை இதுதான். செலவே இல்லை. இருந்தும் அவசரத்தில் பெரும்பாலோர் செய்வதில்லை.

குழந்தை அமைதியாகவோ தூங்கிக்கொண்டோ இருக்கும்போது சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிடுங்கள். வயிறு ஒரு முறை மேலெழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. போனில் டைமர் வைத்து முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகளுக்குச் சரிவராது, அவர்கள் மூச்சு சீராக வராது. அழுகை, பால் குடிப்பது, காய்ச்சல் உச்சத்தில் இருப்பது மூன்றுமே எண்ணிக்கையை ஏற்றிவிடும். காய்ச்சல் இறங்கியபின் மறுபடி எண்ணுங்கள்.

2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதத்துக்குள் 50 அல்லது மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. அதோடு விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே குழிந்தால் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

டாக்டருக்குக் காட்டும்போது போனைக் கையில் பிடித்தால் படம் ஆடும். தலையணையில் சாய்த்து வைத்து, கழுத்திலிருந்து தொப்புள்வரை தெரியும்படி ஒரு நிமிடம் அசையாமல் காட்டுங்கள். நெட் விட்டுவிட்டு வந்தால் நேரலையில் மூச்சு தெரியாது. முன்னாலேயே ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பிவிடுவது நல்லது. இருமல் சத்தத்தையும் அப்படியே பதிவு செய்யலாம்; அழைப்பு ஆரம்பித்ததும் குழந்தை இருமாது.

நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர் போதுமா? ஆக்சிமீட்டர்?

ஏசி அறையிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்தவுடன் நெற்றியில் காட்டினால் எண் மாறும். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குளைத் துடைத்துவிட்டு, முனை தோல் மடிப்புக்குள் இருக்கும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பீப் வரும்வரை பிடியுங்கள். எண்ணோடு எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அதற்கு முன் எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 'தொட்டுப் பார்த்தேன், கொதிக்குது' என்பதை வைத்து டாக்டரால் எதுவும் தீர்மானிக்க முடியாது.

கோவிட் காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டர் பெரியவர்கள் விரலுக்கானது. கைக்குழந்தையின் விரலில் அது சரியாக உட்காராது, கை ஆடினால் தப்பான எண் வரும், மருதாணியும் நெயில் பாலிஷும் குறுக்கே வரும். 98 காட்டுகிறது என்று மூச்சு வாங்கும் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள ஆபத்து. எண்ணும் குழந்தையும் முரண்பட்டால் குழந்தையை நம்புங்கள்.

தடிப்பு, புண் இவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பினால் 'தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

ஜன்னலோரம், பகல் வெளிச்சம், பின்பக்கக் கேமரா, ஃப்ளாஷ் இல்லாமல், பியூட்டி ஃபில்டரை அணைத்துவிட்டு. ஒரு படம் தூரத்திலிருந்து, உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிய. ஒரு படம் ஒரு சாண் தூரத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும். ஃபைலாக, 'டாக்குமெண்ட்' வழியே அனுப்புங்கள். கிரீமோ பவுடரோ போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலையை மட்டும் போட்டோவிலும் வீடியோவிலும் எடைபோடக் கூடாது. டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் நிறத்தை மாற்றிவிடும். மாநிறக் குழந்தையில் இன்னும் சிரமம். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், கால்வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலும் அன்றே பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள் நிறமியின் அளவு) பரிசோதனை செய்ய வேண்டும். காலை வெயிலில் காட்டுவது அதற்கு ஈடாகாது.

நாங்கள் இருவரும் ஓஎம்ஆரில் ஆபீஸில் இருக்கிறோம், குழந்தை பெரம்பூரில் பாட்டியிடம். ஆபீஸிலிருந்தே டாக்டரிடம் பேசலாமா?

பேசலாம், ஆனால் குழந்தை பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவரும் அழைப்பில் இருந்தாக வேண்டும். 2020 மார்ச் 25 அன்று வெளியான மத்திய அரசின் டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி, மைனருக்கு ஆலோசனை சொல்லும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், அவர் யார் என்பதை டாக்டர் உறுதி செய்துகொள்ள வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காலையிலிருந்து எத்தனை தரம் சிறுநீர் போனது, மதியம் சோறு இறங்கியதா, கண் சொருகுகிறதா என்பது பாட்டிக்குத்தான் தெரியும்.

நடைமுறையில், பாட்டியின் போனில் டாக்டரை வரவழைத்து, நீங்கள் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்வது நல்லது. ஆப் பாட்டியின் போனில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு, கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பல அழைப்புகள் இந்த அனுமதி கேட்கும் இடத்திலேயே நின்றுபோகின்றன. ஓடிபி உங்கள் எண்ணுக்கு வருமா, அவர் எண்ணுக்கு வருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும்போது பாட்டியைப் பேசவிடுங்கள். 'அம்மா, நீங்க சும்மா இருங்க, நான் சொல்றேன்' என்று இடைமறித்தால் முக்கியமான செய்தி விட்டுப்போகும்.

காசில்லாமல் அரசு சேவை இருக்கிறதா?

இருக்கிறது. மத்திய அரசின் இசஞ்சீவனி, 2020 ஏப்ரலில் நோயாளிகள் நேரடியாகப் பயன்படுத்தும்படி தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை. மொபைல் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, குழந்தையின் பெயர், வயது, தொல்லை ஆகியவற்றைப் பதிவு செய்து, மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து வரிசையில் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் வீடியோவில் டாக்டர் வருவார். முடிந்ததும் மருந்துச் சீட்டைத் தரவிறக்கிக்கொள்ளலாம். பதிவு செய்யும் வேலையைக் குழந்தை நன்றாக இருக்கும் ஒரு நாளில் முடித்து வைப்பது புத்திசாலித்தனம். எந்நேரமும் பேசிக் கேட்க 104 இருக்கிறது. அது தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண்.

திரையில் வருபவர் உண்மையான டாக்டர்தானா? சீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

சீட்டில் டாக்டரின் பெயர், படிப்பு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண், தேதி, கையெழுத்து, குழந்தையின் பெயர், வயது எல்லாம் இருக்க வேண்டும். எடை இல்லாவிட்டால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். குழந்தை நல மருத்துவர் என்றால் எம்.டி. அல்லது டி.என்.பி. குழந்தை மருத்துவம், அல்லது டி.சி.எச். இருக்கும்.

எல்லா மருந்தையும் ஆன்லைனில் எழுத அனுமதி கிடையாது. பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றைப் போனிலேயே சொல்லலாம். சில மருந்துகளை முதல் தடவை எழுத வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். போதைப் பொருள் சட்டத்தின் கீழும் 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலிலும் வரும் மருந்துகளை எந்த வழியிலும் எழுதக் கூடாது. பேசாமல், பார்க்காமல், மெசேஜில் மருந்துப் பெயரை மட்டும் அனுப்பும் சேவையிடம் குழந்தையை ஒப்படைக்காதீர்கள்.

சளி, இருமலுக்கு எதுவுமே எழுதித் தராமல் 'தானாகச் சரியாகிவிடும்' என்கிறார். கட்டணம் வாங்கிக்கொண்டு இதுதானா வைத்தியம்?

சொல்லப்போனால் அவர் நல்ல டாக்டர். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. இருமல் சிரப் விஷயத்தில் நம் ஊர்ப் பெற்றோர் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டிய காலம் இது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையடுத்து அக்டோபரில், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகவே தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் லேபிளைப் பாருங்கள்.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, பாலோ உணவோ கொடுப்பதற்குச் சற்று முன். ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது.

ஆன்டிபயாடிக் தேவை என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் பொடியாக வரும். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள கோடுவரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி கோட்டைச் சரிபார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் மருந்து அடர்த்தியாகும், கூடினால் நீர்க்கும். கலந்தபின் பிரிட்ஜில் வைக்க வேண்டுமா, எத்தனை நாள் தாங்கும் என்பது லேபிளில் இருக்கும். பலவற்றுக்கு 7 நாள்தான். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சல். டெங்குவா என்று வீடியோவில் சொல்ல முடியுமா?

வீடியோவில் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆனால் வீட்டில் கண்காணிக்கும் டெங்குவுக்குத் தினமும் ஒரு வீடியோ அழைப்பு நன்றாகவே உதவும். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் 5 நாளுக்குள் பயன்படும். உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஎம் அதற்குப் பிறகுதான் தெரியும். எனவே காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். லேபிலிருந்து வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரிடம் முழு ரத்த எண்ணிக்கை கேட்டு, அந்த ரிப்போர்ட்டை அழைப்புக்கு முன்பே டாக்டருக்கு அனுப்புங்கள். எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துப் பயப்படுகிறார்கள். டாக்டர் அதோடு ஹீமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்ப்பார். அது ஏறினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம்.

ஏமாற்றும் கட்டம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் விடும். வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, அடுத்த அழைப்பை ரத்து செய்வார்கள். ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் விட்ட அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான். அப்போது விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது எரிச்சல், சிறுநீர் குறைதல் இருந்தால் நேரே மருத்துவமனை.

டெங்கு சந்தேகம் இருக்கும்வரை பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக் கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் இறங்கவில்லை என்று கடையில் கேட்டால் மெஃபெனமிக் சிரப்பைத்தான் பல இடங்களில் நீட்டுவார்கள். லேபிளைப் படியுங்கள்.

காய்ச்சல் 5 நாளாக விடவில்லை, டெங்கு இல்லை என்று வந்துவிட்டது.

குழந்தையை முழுதாக உடை களைந்து, நல்ல வெளிச்சத்தில் உடம்பெங்கும் தேடுங்கள்: அக்குள், தொடை இடுக்கு, காது மடலுக்குப் பின்னால், தொப்புள், அரைஞாண் கயிற்றுக்கு அடியில், ஆண்குறியைச் சுற்றி. சிகரெட்டால் சுட்டதுபோல நடுவில் கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் குழந்தை சொல்லவே சொல்லாது. அது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணி கடித்த தழும்பு. தமிழ்நாட்டில், சென்னைப் புறநகர்களிலும், இந்தக் காய்ச்சல் அபூர்வம் இல்லை. குறிப்பிட்ட ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் விடும். தாமதமானால் நுரையீரல், மூளைவரை போகும். கிளினிக்கில் டாக்டர் தேடியிருப்பார். வீடியோவில் உங்கள் கண்தான் தேட வேண்டும். அப்படி ஒன்று தெரிந்தால் படமெடுத்து அனுப்பி, அன்றே நேரில் போங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் 5 நாள் காய்ச்சல் நேரில் பார்க்க வேண்டியதுதான். சிறுநீர்ப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

வாந்தி, பேதி. ஓஆர்எஸ் கொடுத்தால் அதையும் எடுத்துவிடுகிறது.

கொடுக்கும் வேகத்தைக் குறையுங்கள். வாந்திக்குப் பிறகு 10 நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். கைக்குழந்தைக்குப் பாலாடையில். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மருந்தை 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதத்துக்கு 10 மில்லிகிராம் என்று 14 நாள் எழுதுவார்கள். பேதி நின்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

பெரிய பாக்கெட் முழு ஒரு லிட்டருக்கானது. அதை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு ஏறி மூளையைப் பாதிக்கும். அரைப் பாக்கெட் கலக்குவதும் வேண்டாம், பொடி சமமாகப் பிரியாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதத்தைக் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சாறு பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது, சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும். அவற்றின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா பாருங்கள். கேமராவில் காட்டினால் டாக்டரே சொல்லிவிடுவார்.

வசம்பு, உரைமருந்து, நிலவேம்பு கொடுத்ததைச் சொன்னால் திட்டுவாரோ?

சொல்லிவிடுங்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்று சேர்த்துச் சொல்லுங்கள். முக்கியமாகக் கற்பூரம். நெஞ்சுச்சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவது நம் வீடுகளில் சாதாரணம். கைக்குழந்தைக்கு அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். விழுங்கினால் சிறு அளவே வலிப்பை வரவழைக்கும். கிளினிக்கில் வாசனையை வைத்தே டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். திரையில் வாசனை வராது. 2 வயதுக்குள் தைலமும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

அந்தரங்க உறுப்பில் தொல்லை. படம் அனுப்பலாமா?

கூடியவரை நேரில் காட்டுங்கள். வீடியோவில்தான் என்றால் டாக்டர் கேட்டபின், நேரலையில் மட்டும், முகம் தெரியாமல். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் வேலை முடிந்ததும் கேலரியிலும், தானாகச் சேமிக்கும் கிளவுட் கணக்கிலும், குப்பைக் கூடையிலும் அழிக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருபோதும் போடாதீர்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

மழை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால்?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மின்சாரம், செல்போன் சிக்னல் எல்லாம் போய்விட்டது. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போலத் தண்ணீர் தேங்கும் இடமென்றால் அக்டோபருக்குள் ஓஆர்எஸ் நான்கு பாக்கெட், காலாவதியாகாத பாராசிட்டமால், தெர்மாமீட்டர், இன்ஹேலர் அல்லது வலிப்பு மருந்து எடுக்கும் குழந்தைக்கு இரண்டு வார மருந்து, பவர் பேங்க் எடுத்து வையுங்கள். மருந்துச் சீட்டைக் காகிதத்தில் அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். வீடியோ வராதபோது சாதாரணப் போனில் பேசியும், எஸ்எம்எஸ்ஸில் எடை, வயது, தொல்லை, மூச்சு எண்ணிக்கை அனுப்பியும் ஆலோசனை கேட்கலாம். நெறிமுறைகள் அதை அனுமதிக்கின்றன. படகோ மீட்பு உதவியோ தேவையென்றால் மாநகராட்சியின் 1913.

பேசி முடித்தபின் 'நேரில் கூட்டி வாருங்கள்' என்று சொல்லிவிட்டார். கட்டணம் வீண்தானே?

வீண் ஆகாது. எவ்வளவு அவசரம், எங்கே போவது என்று தெரிந்துகொண்டீர்கள். அழைப்பை வைப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இன்றிரவேவா, காலையிலா? எந்த அறிகுறி வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது? வழியில் மருந்தோ பாலோ கொடுக்கலாமா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னாலும் எத்தனை மணி நேரத்துக்குள் முன்னேற்றம் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். அந்த நேரத்துக்குள் தெரியாவிட்டால் வேறொரு ஆப்பில் வேறொரு டாக்டரைத் தேடாதீர்கள். அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார், இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். முதல் டாக்டரிடமே பேசுங்கள், அல்லது நேரில் போங்கள். போகும்போது ஆன்லைன் சீட்டு, கொடுத்த எல்லா பாட்டில்கள், தடுப்பூசி அட்டை, காய்ச்சலும் சிறுநீரும் நேரம் போட்டுக் குறித்த காகிதம், மாற்று டயப்பர் ஆகியவற்றைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்கு வாய்ப்பிருப்பதால், ஆன்டிபயாடிக்கின் முதல் வேளையைக் கிளம்பும் அவசரத்தில் கொடுத்துவிட வேண்டாம்; கொடுத்துவிட்டால் கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம்.